அக்காவுக்கென்று எழுதாத வரி

இன்னொருவர் எழுதிவிட்டுப் போன புரோகிராமை உட்கார்ந்து படித்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் விளங்கும். அதை எழுதியவன் மூளைசாலி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவன் ஜேர்மனிக்குப் போய்விட்டான் என்பதுதான் பிரச்சினை. கணினிக் கடையின் சாவியை முதலாளியிடம் ஒப்படைத்தான். மூளையைக் கையோடு கொண்டுபோய்விட்டான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அந்தக் கணினி நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு கணினிகள், ஊரையே எழுப்பும் சத்தத்தோடு அடிக்கும் ஒரு பிறின்டர், மின்சாரம் நின்றால் கீழே புடவைக் கடைக்காரரின் ஜெனரேற்றரில் இருந்து இரவல் வாங்க ஒரு நீட்டுக் கம்பி. காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. மத்தியானத்துக்குப் பிறகு சாதகக் குறிப்பு. கணினியில் எடுத்த குறிப்பு என்றால் அப்போது ஒரு தனி மவுசு. கரையில் ஓட்டை போட்ட காகிதத்தில் கட்டம் கட்டமாக அடித்து வருவதைக் கண்டால், அதை மறுத்துக் கதைக்க எவருக்கும் வாய் வராது. வகுப்பு முதலாளிக்குப் பெருமை தந்தது, குறிப்பு சோறு போட்டது.

நான் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவள். இன்னொருவன் எழுதிய சாத்திரப் புரோகிராமைக் காவல் காப்பதற்காகவா படித்தேன் என்று தினமும் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு படியேறுவேன். ஆனால் வேறு வேலை இல்லை. வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும்தான். ஐயா, எங்கள் தகப்பன், முன்பே காலமாகிவிட்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த பிறகு கப்பலில் வந்து இறங்கி, உடுவிலில் அம்மாவின் சீதன வீட்டில் ஒதுங்கியிருந்தோம். அக்கா ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தாள்.

அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பேசிக் மொழியில் எழுதியது. பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு. இடையில் ஏதாவது சேர்க்க வேண்டி வருமென்று பத்து, இருபது, முப்பது என்று இடம் விட்டு எழுதுவார்கள். இந்த மனிதன் விட்ட இடமெல்லாம் முடிந்த பிறகும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான். இடமில்லாத இடங்களில் ‘கோ டூ’ என்ற கட்டளையைப் போட்டு, கடைசிப் பக்கத்துக்கு ஓடி, அங்கே ஒரு சின்ன வேலையைச் செய்து, மறுபடி ஓடிவந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வான். எங்கள் பக்கத்து வளவுகளில் வேலிக்குள் ஆள் நுழையப் பொட்டு என்று ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். வாசல் படலையால் போனால் சுற்று என்று எல்லோரும் பொட்டுக்குள்ளால்தான் புகுந்து போவார்கள். இவனுடைய புரோகிராமில் படலையே இல்லை, முழுவதும் பொட்டு.

பெயர் வைத்த அழகு அதற்கும் மேல். ‘ஏ’ என்று ஓர் எழுத்து. தொடக்கத்தில் அது பிறந்த ஆண்டு. கொஞ்சம் கீழே வந்தால் அதே ‘ஏ’ சந்திரன் நின்ற பாகை. கடைசியில் பார்த்தால் அது பக்க எண். எதற்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. “எல்லாம் அவன்ரை தலைக்குள்ளை இருந்தது” என்று முதலாளி அதையும் ஒரு புகழ்ச்சியாகத்தான் சொல்வார். முதலாளி நல்ல மனிதர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம், ஓடுகிற மிசினில் கை வைக்கக் கூடாது என்பது.

ஓடியது என்பது உண்மைதான். வந்தவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தங்கள் நட்சத்திரம் நன்றாகத் தெரியும். கோயிலில் அருச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லிச் சொல்லியே பழகியவர்கள். குறிப்பைக் கையில் வாங்கியதும் முதலில் நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால், “கொம்பியூட்டர் எண்டால் கொம்பியூட்டர்தான்” என்று மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். லக்கினம் எந்தக் கட்டத்தில் விழுந்தது, அதிலிருந்து எண்ணினால் எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது என்றெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் குறைவு.

அக்காவுக்கு முப்பது வயது. கொழும்பு வீட்டோடு அவளுடைய குறிப்பும் எரிந்து போனது. அதற்குப் பிறகு, நான் இந்த வேலையில் சேருமுன் வந்த கலியாணப் பேச்சுகள் எல்லாம் “குறிப்பு இல்லையோ” என்ற கேள்வியோடு நின்றுபோயின. அக்கா அதற்காகக் கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்களில் ஒருவரையும் அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

பிறகுதான் ஒரு நில அளவையாளர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காணியை அளக்க வந்தவர், வெயிலுக்கு ஆசிரியர் அறையில் ஒதுங்கித் தண்ணீர் கேட்டிருக்கிறார். அளந்து முடிய இரண்டு கிழமை எடுத்தது. அவ்வளவு பெரிய காணி அது இல்லை என்று பிறகு அக்காவே எனக்குச் சொன்னாள். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இருந்து அவருடைய வீட்டார் முறையாகக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அம்மா தயங்கித் தயங்கி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா ஓம் என்றாள். அவளாக ஓம் என்று சொன்ன முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு அம்மா பாயாசம் காய்ச்சினாள்.

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். மலாயாவில், ஈப்போ நகரத்துத் தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறி வந்தவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கொம்பியூட்டரில் எடுத்த குறிப்பு. எங்களுக்கு அது பெரிய காரியமா? நானே அடித்துக் கொடுத்தேன். பிறந்த இடம் கோலாலம்பூர், ஏனென்றால் ஐயா அப்போது மலாயாவில் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். நேரம் காலை ஆறே முக்கால். அம்மா அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பிறின்டர் கத்தி முடிந்தது. நட்சத்திரம் அனுஷம் என்று சரியாக வந்தது. லக்கினத்தில் இருந்து எண்ணினேன். எட்டில் செவ்வாய்.

எட்டில் செவ்வாய் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. செவ்வாய்க் குற்றம், மாப்பிள்ளைக்கு ஆகாது, அதுவும் எட்டாம் இடம் என்றால் தாலிக்கே ஆகாது. மாப்பிள்ளையின் குறிப்பில் செவ்வாய் இல்லை. ஒரு கிழமையில் கலியாணத் தரகர் குறிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “அவையள் நல்ல மனிசர். ஆனால் இதுக்கு மேலை என்ன செய்யிறது” என்றார். அக்கா குசினிக்குள் போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கை நடுங்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டு அழுதாள். அக்கா பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் அழுகைக்கு எப்போதும் பேச்சுத் துணை வேண்டும்.

“சூரியன் கிளம்பேக்கை பிறந்த பிள்ளை. நேர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட, முதல் வெயில் உவளின்ரை முகத்திலைதான் விழுந்தது. அப்பிடிப் பிறந்தவளுக்கோ இப்பிடி ஒரு செவ்வாய்” என்றாள்.

“அம்மா, விடுங்கோ” என்றாள் அக்கா.

நான் விடவில்லை. “சூரியன் கிளம்பேக்கையோ? வடிவாத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“பெத்தவளுக்குத் தெரியாதோ?”

லக்கினம் என்பது பிறந்த கணத்தில் கிழக்கே உதித்துக்கொண்டிருக்கும் ராசி. சூரியன் உதிக்கும்போது ஒரு பிள்ளை பிறந்தால், சூரியன் நிற்கிற ராசிதான் உதிக்கிற ராசி. சூரியனும் லக்கினமும் ஒரே கட்டத்தில் இருந்தாக வேண்டும். இதற்குச் சாத்திரம் தெரியத் தேவையில்லை, கிழக்குத் திசை தெரிந்தால் போதும். நான் எழும்பிப் போய் மேசையில் கிடந்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சூரியன் லக்கினத்தில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தின்படி அக்கா பிறந்தபோது வெயில் ஏறி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்.

மலாயாவின் மணிக்கூடு எங்களுடையதை விட இரண்டு மணித்தியாலம் முந்தி ஓடியது. அந்த ஆறே முக்காலைப் புரோகிராம் எங்கள் மணிக்கூட்டு நேரமாக எடுத்துவிட்டது போலிருக்கிறது. லக்கினம் ஒரு கட்டம் பின்னுக்குப் போக வேண்டும். போனால் செவ்வாய் எட்டில் இல்லை, ஒன்பதில். ஒன்பதில் குற்றம் இல்லை.

“அக்கா, இது பிழை” என்றேன். “புரோகிராம் பிழை.”

அக்கா சிவப்புப் பேனையை மூடாமல் என்னைப் பார்த்தாள். “என்ரை செவ்வாயை நகர்த்த அதிலை ஒரு வரி எழுதப் போறியோ?”

“பிழையைத் திருத்தப் போறன்.”

“எனக்கு மட்டும் திருத்தினால் அது திருத்தமில்லை. அப்பிடிச் செய்துபோட்டு என்னை அந்த வீட்டுக்கு அனுப்பலாம் எண்டு நினையாதை. நான் போகமாட்டன்.”

அவள் சொல்லிவிட்டுத் திரும்பவும் கொப்பிக்குள் குனிந்தாள். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே மினக்கெடப் போகிறேன் என்று சொல்ல வாய் வந்தது.

காலையில் கடைக்குப் போனதும் முழுப் புரோகிராமையும் அச்சடித்தேன். பிறின்டர் துப்பிய காகிதத்தை நிலத்தில் விரித்தால் அறை முடிந்து படிக்கட்டில் இறங்கியது. கீழிருந்து ஏறி வந்த முதலாளி கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

“என்ன பிள்ளை, பந்திப் பாய் விரிச்சிருக்கிறீர்?”

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது. “பிழை எண்டு வெளியிலை தெரிஞ்சால் கடை என்னத்துக்கு ஆகும்? உமக்கு என்ன, மலாயாவிலை பிறந்த ஆக்களுக்கு இரண்டு மணித்தியாலம் குறைய வேணும், அவ்வளவுதானே? அவன் போடுற மாதிரி உதிலை ஒரு ‘இஃப்’பைப் போட்டு முடிச்சு விடும். ஓடுறதைக் குழப்பாதையும்.”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு ‘இஃப்’. மலாயா என்றால் இரண்டு மணித்தியாலத்தைக் கழி. ஐந்து நிமிட வேலை. ஆனால் அக்கா சொன்னது காதுக்குள் நின்றது. மாப்பிள்ளையின் மாமன் நாளைக்கு வந்து, என்ன செய்தாய் என்று கேட்டால் இந்த வரியைத்தானே காட்ட வேண்டும்? பார்க்கிறவனுக்கு அது அக்காவுக்கென்றே வெட்டிய பொட்டு மாதிரித்தான் தெரியும். அது அப்படித்தானே. முதலில் எங்கே பிழைத்தது என்று பார்ப்போம் என்று நிலத்தில் உட்கார்ந்தேன்.

சிவப்புப் பேனையால் நேரம் வரும் இடங்களையும் நீலப் பேனையால் இடம் வரும் இடங்களையும் கோடிட்டுக்கொண்டே போனேன். முழங்காலில் தவழ்ந்துதான். மூன்றாம் நாள் அவனுடைய மூளைக்குள் எனக்கு வழி தெரியத் தொடங்கியது. கிரகங்களை ஓர் இடத்தில் கணக்கிட்டிருக்கிறான், லக்கினத்தை வேறோர் இடத்தில். உலகப் பொது நேரத்தை விட எங்கள் மணிக்கூடு முந்தி ஓடும் ஐந்தரை மணித்தியாலத்தை இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுதிவைத்திருக்கிறான். எப்போதோ மலாயாக்காரர் ஒருவர் வந்து, நட்சத்திரம் பிழை என்று சண்டை பிடித்திருக்க வேண்டும். உடனே கிரகங்களின் பக்கம் ஒரு ‘இஃப்’, மலாயா என்றால் ஐந்தரைக்குப் பதில் ஏழரை. லக்கினத்தின் பக்கம், ஊர் எத்தனை பாகை கிழக்கே என்று சொல்லும் நெடுங்கோட்டை மட்டும் மாற்றியிருக்கிறான், மணிக்கூட்டை மறந்துவிட்டான். நட்சத்திரம் சரியாகிவிட்டதால் பிறகு எவரும் சண்டைக்கு வரவில்லை. நெடுங்கோடு, மணிக்கூடு இரண்டையும் மாற்றாமலே விட்டிருந்தால் லக்கினத்தின் பிழை அரை மணித்தியாலத்தோடு போயிருக்கும். பாதி திருத்தியதால்தான் இரண்டு மணித்தியாலமாக வளர்ந்தது. கண்டுபிடித்ததும் நான் தனியாக இருந்து சிரித்தேன். கீழே புடவைக் கடையில் வேலை செய்யும் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு விஷயத்தை ஓர் இடத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றை மாற்றும் நாளில் மற்றது மறந்துபோகும். இதைப் பிற்காலத்தில் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் நடுங்காத கைதான் ஞாபகம் வரும்.

பிறகு திருத்த வெளிக்கிட்டேன். முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. யாழ்ப்பாணத்தின் நெடுங்கோடு எண்பது. அந்த எண்பதும் புரோகிராம் முழுவதும் இறைந்து கிடந்தது. எல்லா எண்பதையும் தேடி, பிறந்த ஊரின் நெடுங்கோடு என்று மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால், கோலாலம்பூரில் பிறந்தவர்களுக்குக் கட்டங்கள் காகிதத்தை விட்டு வெளியே போய் உருளையில் அடித்தன. பிறின்டர் ஒரு வரியில் அடிக்கும் எழுத்துகளும் எண்பதுதான். அவனுக்கு எண்பது என்றால் எண்பது, எந்த எண்பது என்று சொல்லிவைக்கும் பழக்கம் இல்லை. அன்றைக்கு நான் அவனைப் பேசிய பேச்சுக்கு ஜேர்மனியில் அவனுக்குப் புரையேறியிருக்கும்.

தலைப்பில் ஓர் ஊர்ப் பட்டியல் வைத்தேன். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி, அதில் ஊரின் பெயர், அகலாங்கு, நெடுங்கோடு, அந்த ஊரின் மணிக்கூடு. அதற்குக் கீழே பிறந்த நேரத்தைப் பொது நேரமாக மாற்றும் ஒரே ஒரு பகுதி. கிரகங்களும் அங்கிருந்துதான் நேரத்தை எடுக்கும், லக்கினமும் அங்கிருந்துதான் எடுக்கும். மலாயாவுக்கென்று இருந்த ‘இஃப்’ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பொட்டுகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். அந்தப் பேசிக்கில் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தாலும் கணினி கவனிக்காது. அதனால் எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று மனிதர் வாசிக்க விளக்க வரிகள் எழுதினேன். நடுவில் ஒரு நாள் மின்சாரம் நின்று, ஒரு பகல் முழுக்க எழுதியது போய்விட்டது. அழுகை வந்தது, ஆனால் இரண்டாம் முறை எழுதியபோது முதல் முறையை விட நன்றாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பதுதான் பெரிய வேலை. முதலாளி, கொடுத்த குறிப்புகளின் பிரதி ஒவ்வொன்றையும் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். குடாநாட்டில் பிறந்தவர்களுக்குப் பழைய குறிப்பும் புதிய குறிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இம்மியும் அசையக் கூடாது. புதியதை அடித்து, பழையதன் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பேன். எழுத்தின் மேல் எழுத்து விழும். ஒன்றில் மட்டும் சந்திரன் விலகியது. தேடிப் போனால், மாசி மாதக் கணக்கில் நானே ஒரு வரியை விழுங்கியிருந்தேன். அதைத் திருத்திய பிறகு எல்லாம் பொருந்தின. முதலாளி முதலில் தூரத்தில் நின்று பார்த்தார், பிறகு கிட்ட வந்தார், கடைசியில் அவரே காகிதத்தைக் கண்ணாடியில் பிடிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் அக்காவுடையதை அடித்தேன். சூரியன் லக்கினத்தில். செவ்வாய் ஒன்பதில்.

அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டு நாளில் மாப்பிள்ளையின் மாமன் குடையோடு மாடியேறி வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளை நாஷனல் சட்டை, வேட்டி. நாற்காலியில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“பிள்ளை, நீர்தானே பொம்பிளையின்ரை தங்கச்சி?”

“ஓம்.”

“செவ்வாய் எட்டிலை இருந்தது. இப்ப ஒன்பதிலை எண்டு சொல்லுகினம். நீர் வேலை செய்யிற இடத்திலை வைச்சு மாறியிருக்கு. நான் என்னெண்டு நம்புறது?”

எனக்குச் சுரீர் என்றது. ஆனால் அவர் கேட்டதில் பிழை இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

“என்னை நம்ப வேண்டாம் ஐயா” என்றேன். “மலாயாவிலை பிறந்த ஆக்கள் உங்கடை வீட்டிலையும் இருப்பினம்தானே. கையாலை கணிச்ச குறிப்பு ஏதும் இருந்தால் கொண்டுவாங்கோ. நாள், நேரம், ஊர் மூண்டையும் மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை எனக்குக் காட்டாதேங்கோ.”

அவர் குடையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். விறுவிறென்று இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். 

அடுத்த நாள் வந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவருடைய மகன் ஈப்போவில் பிறந்தவன், அங்கேயே கோயில் ஐயர் கணித்துக் கொடுத்த குறிப்பு. அதை வெளியே எடுக்காமல் நாளையும் நேரத்தையும் ஊரையும் சொன்னார். நான் தட்டினேன். பிறின்டர் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டமாக அது வந்துகொண்டிருந்த நேரத்தில் முதலாளி வாசலில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் நிலையும் அதுதான்.

அவர் கண்ணாடியை மாட்டி, இரண்டு காகிதத்தையும் மேசையில் வைத்து, கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். லக்கினத்தில் விரல் நின்றது. “சரி” என்றார். மற்றக் கட்டங்களையும் பார்த்து முடித்து, மறுபடியும் “சரி” என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“முந்தின கணக்கு இப்பவும் இருக்கோ? அதிலையும் இவனுக்கு ஒருக்கால் அடியும்.”

பழைய புளொப்பியைப் போட்டு அடித்தேன். நட்சத்திரம் அதேதான், லக்கினம் ஒரு கட்டம் தள்ளி. மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உம்மடை அக்காவுக்கெண்டு நீர் எழுதினது எந்த இடத்திலை இருக்கு?”

“அவவுக்கெண்டு ஒரு வரியும் இல்லை. பாருங்கோ.”

அச்சடித்த புரோகிராமை அவரிடம் நீட்டினேன். பழையதை நீட்டியிருந்தால் எழுதியவனாலேயே வாசிக்க முடிந்திருக்காது. இவர் தபால் கந்தோரில் இருந்தவர், ஊர்ப் பெயர்களோடு காலம் தள்ளியவர். மேலிருந்து ஒவ்வோர் ஊராக வாய்விட்டு வாசித்தார். யாழ்ப்பாணம், திருகோணமலை, கொழும்பு, கோலாலம்பூர். அடுத்த வரியில் நின்றார். “ஈப்போ” என்றார். அதற்கு நேரே இருந்த மணிக்கூட்டை விரலால் தொட்டார். “ஏழரை. ஓம், அப்ப அங்கை அந்த நேரம்தான். எனக்கு உது விளங்குது, பிள்ளை.”

அப்போதுதான் அவர் நாற்காலியில் இருந்தார். முதலாளி ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். குடித்து முடித்து, குடையை எடுத்துக்கொண்டு எழும்பும்போது, “கொம்மாவிட்டைச் சொல்லும், நல்ல நாள் பாத்து வாறம் எண்டு” என்றார்.

மலாயாவில் பிறந்த மற்றவர்களின் பிரதிகளையும் அலுமாரியில் இருந்து தேடி எடுத்தோம். கடையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்த அதே முதலாளிதான் புதிய குறிப்புகளைத் தன் ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு வீட்டில் ஏசிப்போட்டார்களாம். இன்னொரு வீட்டில் வாழைக்குலை ஒன்று கட்டிக் கொடுத்தார்களாம். குலையைத்தான் எங்களுக்குக் காட்டினார். அந்தப் புரோகிராமில் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கை வைத்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்து பயந்து வைத்ததில்லை.

அன்றைக்கு, மாமன் இறங்கிப் போனதும் நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். உடுவில்வரை எதிர்க்காற்று. சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுப் படலையைத் திறந்தபோது அக்கா முன் விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். வருகிறார்கள், நல்ல நாள் பார்க்கிறார்கள், ஈப்போ, சோடா, எல்லாம் ஒழுங்கில்லாமல் வந்து விழுந்தன.

அவள் முழுவதையும் கேட்டாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. “எனக்கெண்டு தனியா ஏதும் செய்தனியோ?” என்று கேட்டாள்.

“இல்லை அக்கா. நீங்கள் கோலாலம்பூர் எண்ட வரியிலை வாறியள். அதுக்குக் கீழை ஈப்போ, அதிலை அவரின்ரை மகன் வாறான். எல்லாருக்கும் ஒரே வழிதான். அவர் அதை வாசிச்சுப் பாத்தவர்.”

“வாசிச்சவரோ?”

“ஓம். விளங்குது எண்டு சொன்னவர்.”

அக்கா சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். “அப்ப சரி” என்றாள்.  வீடு எரிந்தபோது அழாதவள், கப்பலில் எல்லோரும் அழுதபோது மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவள், தரகருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவள், பிள்ளைகளின் கொப்பிகளுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

சத்தம் கேட்டு அம்மா குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறியது. “என்ன பிள்ளையள், திரும்பவும் ஏதும் பிழைச்சுப் போச்சோ?”

அக்கா நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தையும், நனைந்துபோன மேல் கொப்பியையும் துடைத்தாள்.

“இல்லை அம்மா” என்றாள். “இந்த முறை ஒண்டும் பிழைக்கேல்லை.”